ஆறு பேரும் ஒரு துப்பாக்கியும்

சென்ற ஆகஸ்டில் என் மகள் வயிற்றுப் பேரன் இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்குத் தில்லி வந்திருந்தான். பதினான்கு வயது. பாட்டிக்குச் சாக்லேட், எனக்கு ஒரு கம்பளிச் சட்டை (ஆகஸ்ட் மாதத் தில்லிப் புழுக்கத்தில்!) என்று எடுத்துக் கொடுத்துவிட்டு, துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த ஓர் அட்டைப் பெட்டியை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் சிப்பாய்ப் பொம்மைகள். ஒவ்வொன்றும் 28 மில்லிமீட்டர் உயரம். அடுத்த நான்கு வாரங்களுக்கு அந்த மேசையில் எங்களுக்குச் சாப்பாடு கிடையாது என்பது அப்போது தெரியாது.

இந்த விளையாட்டைப் பற்றி, குறிப்பாக அதில் வரும் இயந்திரத் துப்பாக்கிக் குழுவைப் பற்றி, நான் அவனிடம் கற்றதையும் அவன் என்னிடம் கற்றதையும் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது. வெளிநாட்டில் பேரன் பேத்தி உள்ளவர்கள் நம்மில் பலர். என்றாவது ஒரு நாள் இந்தப் பெட்டி உங்கள் வீட்டு மேசைக்கும் வரக்கூடும்.

விளையாட்டு இதுதான். மேசைமேல் பச்சைத் துணி விரித்து, அட்டை வீடுகள், பஞ்சு மரங்கள், வேலி, ஓடை என்று ஒரு நிலப்பரப்பு அமைக்க வேண்டும். இரு தரப்பிலும் பொம்மைப் படைகள். ஒருவர் மாற்றி ஒருவர் நகர்த்துவார்கள். எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அளவு நாடா சொல்லும். சுட்டது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். சண்டை வந்தால் விதிப் புத்தகம் தீர்ப்புச் சொல்லும். சொக்கட்டானையும் சதுரங்கத்தையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியது போல இருக்கும்.

உறவு முறையும் அப்படித்தான். யானை, குதிரை, தேர், காலாள் என்று நம் நாட்டில் ஆடிய நாற்படை ஆட்டம் மேற்கே போய்ச் செஸ் ஆயிற்று. 1780இல் ஹெல்விக் என்ற ஜெர்மானியர் செஸ் பலகையின் கட்டங்களைப் பெருக்கி அதை ஒரு போர் விளையாட்டாக விரித்தார். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யப் படை அதிகாரி, நில வரைபடத்தின்மேல் பகடை உருட்டி ஆடும் முறையைத் தம் தலைமைத் தளபதிகள்முன் ஆடிக்காட்டினார். அது அங்கே அதிகாரிகளின் பயிற்சிப் பாடமே ஆகிவிட்டது. அதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ். 1913இல் வந்த அவருடைய 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு நூலில், தரையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, சுருள்வில் பீரங்கியால் சிறு மரத்துண்டுகளை எறிந்து வீழ்த்துவார்கள். நிஜப் போரைவிட இந்தப் பொம்மைப் போர் எவ்வளவோ மேல் என்பது வெல்ஸின் கட்சி. நூல் வந்த மறு ஆண்டே நிஜப் போர் வந்துவிட்டது.

அந்தப் போர்தான் பேரன் கொண்டுவந்த பெட்டியிலும் இருந்தது. 1914 முதல் 1918 வரையான பிரிட்டிஷ் படை. அதில் ஒரு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி. வட்டமான ஒரு தட்டின்மேல் துப்பாக்கியும் அதைச் சுற்றி மூன்று பேரும்.

"இது எத்தனை ரைபிளுக்குச் சமம்?" என்று கேட்டேன்.

"அஞ்சு, தாத்தா. அஞ்சு பகடை உருட்டலாம்."

"மூணு பேர் எதுக்கு?"

"ஒருத்தர் சுடுவார். ஒருத்தர் பெல்ட்டைப் பிடிச்சுக்குவார். இன்னொருத்தர்..." என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, "சும்மா இருப்பார்" என்றான்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்குத் துறையில் காலம் தள்ளியவன் நான். சும்மா இருப்பவருக்கு எந்தப் படையிலும் சம்பளம் கிடையாது. (சில அலுவலகங்களில் உண்டு, அது வேறு விஷயம்.) அந்த மூன்றாவது ஆளுக்கு என்ன வேலை என்று தேடப் போய்த்தான் நான் இந்த விளையாட்டுக்குள் விழுந்தேன்.

துப்பாக்கியின் கணக்கு

1884இல் லண்டனில் ஹைரம் மாக்சிம் என்ற அமெரிக்கர் செய்த காரியம் இது: துப்பாக்கி வெடிக்கும்போது பின்னால் உதைக்கிறதல்லவா, அந்த உதையையே வேலைக்காரனாக்கினார். உதையின் வேகத்திலேயே வெற்றுத் தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறும், அதுவும் வெடிக்கும். அதற்கு முன்பிருந்த கேட்லிங் துப்பாக்கியில் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் விசையை அழுத்திக்கொண்டிருந்தால் போதும். மாக்சிமை இளைக்க வைத்துத் திருத்திய வடிவமே விக்கர்ஸ். 1912இல் பிரிட்டிஷ் படை அதை ஏற்றுக்கொண்டது.

இனிக் கணக்கைப் பாருங்கள். துப்பாக்கி மட்டும் ஏறத்தாழ 15 கிலோ. அது நிற்கும் முக்காலி 20 கிலோவுக்கு மேல். குழலைச் சுற்றி ஒரு நீர் உறை. அதில் சுமார் 4 லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் குழல் சூட்டில் கெட்டுவிடும். விடாமல் சுட்டால் சில நிமிடங்களில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். ஆவி ஒரு ரப்பர்க் குழாய் வழியாகத் தகரக் குவளைக்குள் போய் மறுபடி தண்ணீராகும். தண்ணீரை மிச்சம் பிடிப்பது ஒரு காரணம். ஆவி மேலே எழுந்து இருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக் கொடுக்காமல் இருப்பது இன்னொன்று.

தோட்டா இருப்பதோ துணிப் பட்டையில், பட்டைக்கு 250. நிமிடத்துக்கு 450 முதல் 500 வரை சுடும் துப்பாக்கி அது. அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டை அரை நிமிடம். நடைமுறையில் விட்டுவிட்டுச் சுடுவார்கள் என்பதால் நிமிடத்துக்கு ஒரு பட்டை என்றே வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்குப் பத்துப் பட்டை. பெட்டியோடு ஒரு பட்டை ஏறக்குறைய 10 கிலோ. ஆகப் பத்து நிமிடப் போருக்கு நூறு கிலோ! அதை யார் சுமப்பது?

ஆறு பேர் சுமந்தார்கள். முதல் ஆள் முக்காலியைத் தூக்கி வருவார். இடம் சேர்ந்ததும் அவர்தான் சுடுபவர். இரண்டாம் ஆள் துப்பாக்கியைத் தூக்கி வந்து பட்டையை ஊட்டுவார். மூன்றாமவரும் நான்காமவரும் தோட்டாப் பெட்டிகளையும் தண்ணீரையும் கொண்டுவந்து கொண்டே இருப்பார்கள். ஐந்தாமவரும் ஆறாமவரும் சுற்றுப்புறத்தைப் பார்ப்பதற்கும், தூரத்தைக் கணிப்பதற்கும், விழுந்தவர் இடத்தை நிரப்புவதற்கும். ஆறு பேருக்கும் ஆறு வேலையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது பயிற்சி விதி. ஏன் என்று சொல்லத் தேவையில்லை. 1915 அக்டோபரில் பிரிட்டன் இதற்கென்றே ஒரு தனிப்படை அமைத்தது. 1922இல் கலைக்கப்படும்வரை அதில் பணியாற்றிய சுமார் 1,70,000 பேரில் 62,000 பேர் உயிரிழந்தோ காயமுற்றோ போனார்கள். இறந்தவர்கள் மட்டும் 12,000க்கு மேல். அதற்குச் சிப்பாய்கள் வைத்த பட்டப்பெயர் 'தற்கொலைச் சங்கம்'. (சந்தா பாக்கி வைக்க வாய்ப்பே இல்லாத சங்கம்.)

ஆகவே மேசைமேல் இருப்பது ஐந்து ரைபிளுக்குச் சமமான ஒரு பெரிய ரைபிள் அல்ல. ஆறு பேர் நடத்தும் ஒரு சிறு தொழிற்சாலை. விதிப் புத்தகம் எழுதுபவர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போருக்கான 'போல்ட் ஆக்ஷன்' (2012) முக்காலித் துப்பாக்கிக்கு மூன்று பேரைக் கொடுக்கிறது. 'செயின் ஆஃப் கமாண்ட்' (2013) ஐந்து பேரையும் பத்துப் பகடையையும் கொடுக்கிறது. பேரனுக்குப் பகடை எண்ணிக்கை மட்டும் கண்ணில் பட்டது. ஆள் எண்ணிக்கை படவில்லை. பதினான்கு வயதில் எனக்கும் பட்டிருக்காது.

எங்கே நிறுத்துவது?

முதல் ஆட்டத்தில் அவன் துப்பாக்கியைத் தன் வரிசையின் நட்ட நடுவில், நேரே என்னைப் பார்த்து நிறுத்தினான். எல்லாரும் செய்யும் தவறு இது. முக்காலிமேல் இறுகப் பொருத்திய துப்பாக்கியிலிருந்து கிளம்பும் குண்டுகள் எல்லாம் ஒரே புள்ளியில் விழுவதில்லை. அதிர்வினால் சற்றே விரிந்து, தரையில் நீளமான, ஒடுங்கிய ஒரு பட்டையில் விழும். சுடும் திசையில் நீளம் அதிகம். அகலம் மிகக் குறைவு.

பால்கனியில் வரிசையாகத் தொட்டிச் செடி வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். வரிசைக்கு எதிரே நின்று ரப்பர்க் குழாயால் தண்ணீர் பீய்ச்சினால் ஒரு தொட்டி நனையும். மற்றதற்குக் குழாயைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். வரிசையின் ஒரு கோடியில் நின்று நெடுக்காகப் பீய்ச்சினால் கையை அசைக்காமலே எல்லாத் தொட்டியும் நனையும். முன்னேறி வரும் படை பெரும்பாலும் அகலவாட்டில் பரவி வருகிறது. அதனால்தான் துப்பாக்கியை ஓரத்தில், பக்கவாட்டாகச் சுடும்படி மறைத்து வைப்பார்கள். பக்கத்துத் துப்பாக்கியும் எதிர்ப்பக்கத்திலிருந்து அப்படியே சுடும். இரண்டின் கோடுகளும் நடுவில் குறுக்கிடும். தனக்கு நேர் எதிரே இருப்பவனைப் பக்கத்துத் துப்பாக்கி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் நடக்கும் ஏற்பாடு அது. இரண்டாம் ஆட்டத்தில் துப்பாக்கியைப் பேரன் மேசையின் இடது ஓரத்து வேலிக்குப் பின்னால் மாற்றினான். என் படையில் பாதி போயிற்று.

மேசை ஒரு பொய்யும் சொல்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். 28 மில்லிமீட்டர்ப் பொம்மை ஏறத்தாழ 56இல் ஒரு பங்கு அளவு. எங்கள் ஆறடி மேசை அந்தக் கணக்கில் நிஜத்தில் நூறு மீட்டர்தான்! விக்கர்ஸ் 2,000 மீட்டருக்கு அப்பாலும் சுட வல்லது. அளவை நேர்மையாகப் பின்பற்றினால் துப்பாக்கியை நான் எங்கள் குடியிருப்பின் வாசல் கேட்டைத் தாண்டி வைக்க வேண்டும். அதனால் ஆட்டத்தில் பொம்மைக்கு ஓர் அளவு, தூரத்துக்கு வேறோர் அளவு என்று ஒத்துக்கொள்கிறார்கள். நாடகத்தில் நாலு தூணை வைத்து அரண்மனை என்று நாம் ஒத்துக்கொள்வதில்லையா?

இன்னொன்று, கொல்வது மட்டுமே இந்தத் துப்பாக்கியின் வேலை அல்ல. எதிரியைத் தலை தூக்க விடாமல் அடக்கி வைப்பதே பெரும்பாலும் அதன் வேலை. அடங்கிக் கிடப்பவன் சுடவும் மாட்டான், நகரவும் மாட்டான். நல்ல விதிகள் எல்லாம் 'செத்தான், பிழைத்தான்' என்ற இரண்டோடு நிற்காமல் 'அடங்கினான்' என்ற மூன்றாவது நிலையையும் வைத்திருக்கின்றன. 1996இல் வந்த 'கிராஸ்ஃபயர்' என்ற விதி நூல் இதில் துணிச்சலானது. அதில் அளவு நாடாவே கிடையாது. எதிரி சுட்டு நம்மை அடக்கும்வரை நாம் நகர்ந்துகொண்டே போகலாம். அடக்கினால் முறை அவர் கைக்குப் போய்விடும். எனக்கு மிகவும் பிடித்தது. பேரனுக்கு அளவு நாடா வேண்டுமாம்.

ஹொலெபெக்

மூன்றாம் வாரம், கற்பனைப் போர் போதும், நடந்த ஒன்றை ஆடலாம் என்று அவனிடம் சொன்னேன். எனக்கு ஒரு சம்பவம் நினைவில் இருந்தது.

1911 தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தவற்றுள் தலைநகர் மாற்றம் எல்லாருக்கும் தெரியும். இந்தியச் சிப்பாய்களும் இனி விக்டோரியா கிராஸ் விருது பெறலாம் என்று அறிவித்ததும் அங்கேதான். மூன்றே ஆண்டில் அதற்கு ஒருவர் வந்தார். குதாதத் கான். இன்றைய பாகிஸ்தானிலுள்ள சக்வால் பகுதிக்காரர், 129ஆவது பலூச்சிப் படையில் சாதாரணச் சிப்பாய், இயந்திரத் துப்பாக்கிக்காரர்.

1914 அக்டோபர் 31. பெல்ஜியத்தில் ஈப்ர நகரத்துக்குத் தெற்கே ஹொலெபெக் என்ற சிற்றூர். குதிரையிலிருந்து இறங்கி நின்று போரிட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் குதிரைப்படைக்குத் துணையாகப் பலூச்சிகளை அவசரமாகக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். அந்நாளில் ஒரு பட்டாளத்துக்கு மொத்தமே இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். ஜெர்மானியர் எண்ணிக்கையில் மிக அதிகம். துப்பாக்கிகளுக்குப் பொறுப்பான ஆங்கில அதிகாரி காயமடைந்தார். ஒரு துப்பாக்கி பீரங்கிக் குண்டில் சிதறியது. எஞ்சிய துப்பாக்கியில் குதாதத் கான், தாமும் காயம் பட்டவராக, குழுவின் மற்ற ஐந்து பேரும் கொல்லப்படும்வரை சுட்டுக்கொண்டிருந்தார். இறந்துவிட்டார் என்று எதிரி விட்டுப்போக, பிறகு எப்படியோ தம் படையிடம் வந்து சேர்ந்தார். விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவர். சுபேதாராக உயர்ந்து, 1971இல் காலமானார்.

மற்ற ஐந்து பேர். விருதுக் குறிப்பு அவர்களை எண்ணிக்கையாக மட்டுமே சொல்கிறது.

பெட்டியில் மூவர்தான் இருந்ததால் ஆறு பேர் கொண்ட குழுவை நாங்களே செய்ய வேண்டியிருந்தது. மூன்று ரைபிள் பொம்மைகளின் ரைபிளை வெட்டிவிட்டு, தீக்குச்சிப் பெட்டி அட்டையில் தோட்டாப் பெட்டி செய்து கையில் ஒட்டினோம். தொப்பிகளைச் சுரண்டி, குழாய் ஒழுக்கை அடைக்கும் எம்-சீலில் தலைப்பாகை கட்டினோம். நீர் உறையிலிருந்து போகும் குழாய்க்குப் பழைய டெலிபோன் வயரின் செப்புக் கம்பி. ஆறு பேரையும் தனித்தனித் தட்டில் நிறுத்தினோம். விழுகிறவரைத் தனியாக எடுக்க வேண்டுமே.

விதியும் நாங்களே எழுதினோம். ஒரு தீக்குச்சி ஒரு பட்டை. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஒரு குச்சி போகும். புதிய குச்சி வேண்டுமானால் மூன்றாமவரோ நான்காமவரோ பின்னால் இருக்கும் கிடங்குவரை நடந்து போய் வர வேண்டும். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் முன்னே வருவார்; ஆனால் பெட்டி தூக்க ஓர் ஆள் குறையும். ஒவ்வொருவர் விழும்போதும் இரண்டு பகடை உருட்ட வேண்டும். வரும் தொகை, அதுவரை விழுந்தவர்களின் எண்ணிக்கையைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மீதிப் பேர் துப்பாக்கியை விட்டுப் பின்வாங்குவார்கள். ஒருவர் விழுந்தால் 2, கவலை இல்லை. ஐந்து பேர் விழுந்தால் 10.

நான் ஜெர்மானியர் பக்கம். முதல் முறை சுடுபவரையே குறி வைத்தேன். உடனே இரண்டாமவர் இடத்துக்கு வந்துவிட்டார், துப்பாக்கி ஓயவில்லை. அடுத்த முறை பெட்டி தூக்கி வருபவர்கள்மேல் சுட்டேன். நாலு சுற்றில் துப்பாக்கி தானாக நின்றது. ஆள் இருந்தும் குச்சி இல்லை. பேரன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். "சும்மா இருக்கிறவர்தான் முக்கியமா, தாத்தா?" என்றான். என் மனைவி சமையலறையிலிருந்து, "சாப்பிடற இடத்துல எத்தனை பேரைத்தான் சாகடிப்பீங்க?" என்றாள். அதற்கு நாங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் முறைதான் சிக்கல். ஐந்து பேர் விழுந்து ஒருவர் மட்டும் மிஞ்சினார். பத்து வர வேண்டும்; வந்தது ஏழு. விதிப்படி அவர் துப்பாக்கியை விட்டுப் போக வேண்டும்.

"அவர் போகலையே!" என்றான் பேரன். "விதி தப்பு. குதாதத் கானுக்குத் தனியா ஒரு சீட்டு எழுதலாம். அவர் மட்டும் பகடை உருட்ட வேண்டாம்."

பல விதி நூல்களில் இப்படி வீரர்களுக்குச் சிறப்புச் சலுகை உண்டுதான். நான் ஒப்பவில்லை. பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டேன். எங்கள் விதிப்படி ஆறாவது ஆள் தனியே நின்று சுடுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 22இல் ஒன்று. அந்தக் காகிதத்தை அவனிடம் காட்டி, விதி அவரைக் கோழை என்று சொல்லவில்லை, அவர் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் 21 தடவை என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறது, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் செய்தது விதியில் உள்ள ஒரு வரியாகிவிடும் என்றேன். அவனும் விடவில்லை. "அவர் நின்னதனாலதானே நாம இதை ஆடறோம்? நிக்காத ஆட்டத்தை எதுக்கு ஆடணும்?" என்றான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அன்று இரவு பன்னிரண்டு மணிவரை பேசியும் முடிவுக்கு வரவில்லை. கடைசியில், சீட்டு வேண்டாம், ஆனால் பத்து வரும்வரை ஆடுவதை நிறுத்தக் கூடாது என்று ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம்.

அவன் ஊர் திரும்பி மாதங்கள் ஆகின்றன. பொம்மைகள் என் புத்தக அலமாரியில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் ஆடுகிறோம்; அவன் சொல்வதை நான் மேசையில் நகர்த்துகிறேன், பகடையை அவன் அங்கே உருட்டிச் சொல்கிறான். இதுவரை பதினேழு ஆட்டம். நான்கு முறை கடைசி ஆள்வரை வந்திருக்கிறது. பத்து இன்னும் விழவில்லை.

நீர்க்குழாயின் செப்புக் கம்பி மட்டும் எதைப் போட்டு ஒட்டினாலும் கழன்று விழுகிறது. வழி தெரிந்த அன்பர்கள் சங்கக் கூட்டத்தில் என்னைப் பார்க்கும்போது சொன்னால் நன்றியுடையவனாவேன்.